கனகாம்பிகை வாங்கிய தடையுத்தரவு

லண்டன் ஈஸ்ட் ஹாமில் எனக்கும் கனகக்காவுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். முழுப்பெயர் கனகாம்பிகை. பார்க்கிங் என்கிற பக்கத்து ஊரில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வருடக்கணக்காக வேலை செய்கிறவர். அவர் போனில் பேச ஆரம்பித்தால் என் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கும். "பிரியம்வதா, உங்கள் வீட்டில் ஏதாவது சண்டையா?" என்று என் மேனேஜர் ஒருமுறை கவலையோடு விசாரித்தார். சண்டையும் இல்லை ஒன்றும் இல்லை, அக்கா லீட்ஸில் இருக்கும் மகளிடம் கத்தரிக்காய்ப் பொரியல் எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் திருச்சிக்காரி, அக்கா இலங்கைக்காரர். குடிவந்த அன்றைக்கு அவர் வாசலில் நின்று, "உள்ள வாரும், இரும்" என்றபோது ராஜா சபைக்குள் வந்துவிட்டேனோ என்று சிரிப்பு வந்தது. அடுத்த வார்த்தையில் சிரிப்பு போய்விட்டது. "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாரும், பிள்ளை." ஷூவைத்தான் அவர்கள் சப்பாத்து என்பார்கள். அந்த வீட்டில் இது சட்டம். காஸ் மீட்டர் பார்க்க வந்தவர், கவுன்சில் ஆள், பாய்லர் ரிப்பேர்காரர், யாராக இருந்தாலும் வாசல் மிதியடியோடு சரி. முன்னறைக்கு அடுத்த சின்ன அறையில் சாமி இருக்கிறது, அதனால் என்றார். நான் அதன்பிறகு லேஸ் வைத்த ஷூ வாங்குவதையே விட்டுவிட்டேன்.

அக்காவின் கணவர் இறந்து சில வருடம் ஆகிறது. குரோய்டனில் வரிசையில் நின்று விசா வாங்கிய காலத்திலிருந்து ஒன்றாக உழைத்து வாங்கிய வீடு. அதைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அக்காவின் குரல் கொஞ்சம் தணியும். "இந்த ஒரு சாமான்தான் பிள்ளை, லண்டனில எங்கட பேரில கிடக்கு."

அந்த வீட்டில்தான் திருடு போனது.

ஜூலை மாதம், கோயில் தேர். தேர் அன்றைக்கு எங்கள் பகுதித் தமிழர் வீடுகள் எல்லாம் காலி என்பது ஊரறிந்த விஷயம். சாயங்காலம் அக்கா திரும்பி வந்த சத்தம் கேட்டது, உடனே ஒரு அலறல். அடித்துப்பிடித்து ஓடினேன். அலமாரி திறந்து கிடந்தது. மகள் சிவரூபினியின் கல்யாணத்துக்கென்று சேர்த்த நகை ஒரு குண்டுமணி மிச்சமில்லை. கண்ணாடி உடையவில்லை, பூட்டு உடையவில்லை. சாமியறையில் விபூதித் தட்டு கவிழ்ந்து தரையெல்லாம் சாம்பல்.

போலீஸ் வந்தது. சின்ன வயசுப் பெண் அதிகாரி. பொறுமையாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தடயம் என்று பெரிதாக எதுவும் இல்லை" என்று உதட்டைப் பிதுக்கினார். அதுவரை அழுதுகொண்டிருந்த அக்கா சாமியறை வாசலில் குனிந்து தரையைப் பார்த்தார். விபூதியில் ஒரு கால் தடம். விரல் தெரியாத, மொழுக்கென்ற தடம். காலுறை!

அக்கா நிமிர்ந்தார். அழுகை நின்றே போய்விட்டது.

"பிரியா, உந்தப் பிள்ளைக்கு இங்கிலீஷில சொல்லும். இது எங்கட ஆள். வேற எந்தக் கள்ளன் சப்பாத்தைக் கழட்டிப்போட்டுக் களவெடுப்பான்?"

நான் மொழிபெயர்த்தேன். அதிகாரி குழப்பத்தோடு என்னைப் பார்த்தார்.

"என்ர வீட்டில பழகின ஆள்," என்றார் அக்கா. "குசினிக் கதவுத் திறப்பு வச்சிருக்கிற ஆள். காலிலயே பழக்கம் ஊறிப்போச்சு அவனுக்கு."

குசினிக் கதவுத் திறப்பு, அதாவது சமையலறைக் கதவின் சாவி! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது! என் கொல்லைப்புறத்தில் சந்துப் பாதையைப் பார்த்தபடி ஒரு கேமரா இருக்கிறது. தள்ளுபடியில் வாங்கியது. "நரி பாக்கவோ?" என்று அக்காவே என்னை எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறார். போனைத் திறந்தேன். மதியப் பதிவில் ஒருத்தன் எங்கள் குப்பைத்தொட்டிமேல் சாவகாசமாக உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். கட்டி முடித்து நிமிர்ந்தான். முகம் பளிச்சென்று தெரிந்தது.

றஜீவன்!

அக்கா வீட்டு மாடியறையில் இரண்டு வருடம் வாடகைக்கு இருந்தவன். வேலைக்குப் போகும்போது அக்கா கையால் சோறு கட்டி வாங்கிக்கொண்டு போனவன். அன்ரி, அன்ரி என்று ஆன்ட்டி முறை சொல்லி வாய் ஓயாமல் கூப்பிட்டவன். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, திருட வந்த இடத்தில் மரியாதையாக ஷூவைக் கழற்றியிருக்கிறான் மடையன்! அக்கா சிரிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, "சோறு குடுத்தனான் பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.

அவனைப் பிடித்தார்கள், விசாரித்தார்கள், விசாரணை முடியும்வரை என்று வெளியே விட்டுவிட்டார்கள். எந்த நிபந்தனையும் கிடையாது. நகை எங்கே போனதென்று தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் உண்மையான கஷ்டம் ஆரம்பித்தது.

எங்கள் வீட்டுக்கு எதிரே பஸ் ஸ்டாப். றஜீவன் அங்கே வந்து நிற்பான். பஸ் வரும், போகும், அவன் ஏற மாட்டான். அக்கா வீட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பான். தெரியாத நம்பர்களிலிருந்து மெசேஜ் வரும். 'அன்ரி, கேஸை விடுங்கோ. தனிய இருக்கிறியள், யோசியுங்கோ.' அந்தக் கடைசி வார்த்தையைப் படித்துவிட்டு நானே பஸ் ஸ்டாப்புக்குப் போய் அவனை நாலு கேள்வி கேட்கக் கிளம்பினேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லாமல் போயிற்று. மகளோடு பேசுவதுகூடக் கிசுகிசுப்பாக. பூட்டை மாற்றினார், முன்வாசலில் கேமரா மணி வைத்தார், அப்படியும் மணி அடித்தால் பதறுவார். ஒருநாள் வீட்டை விற்கும் ஏஜென்ட் ஒருவர் வந்து அறைகளை அளந்துவிட்டுப் போனார்.

"என்னக்கா இது? திருடினவன் ஜம்முனு நிக்கிறான், நீங்க ஊரை விட்டு ஓடுறீங்களா?"

"எனக்கு ஏலாது பிள்ளை. லீட்ஸுக்குப் போறன்."

நான்தான் அந்தப் பெண் அதிகாரிக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் நேரில் வந்தார். மெசேஜ்களை எல்லாம் படம் எடுத்துக்கொண்டார். றஜீவன் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான், இனி தண்டனை சொல்லும் நாள்தான் பாக்கி என்றார். அன்றைக்கு நீதிபதியிடம் தடையுத்தரவு கேட்கலாம் என்றார். அவன் அக்காவின் தெருவுக்குள் வரக்கூடாது, அக்காவோடு எந்த வழியிலும் பேசக்கூடாது, மீறினால் அதுவே தனிக் குற்றம், நேரே கைது.

"கடதாசி ஒண்டு அவனை மறிக்குமோ?" என்று அக்கா கேட்டார்.

"கடதாசி மறிக்காது. அதை மீறினால் நாங்கள் மறிப்போம்," என்றார் அதிகாரி.

அக்கா ஜன்னல்வழியே பஸ் ஸ்டாப்பைப் பார்த்தார். "அது கிடைச்சா நான் இந்த வீட்டில இருக்கிறன். கிடைக்காட்டி வித்துப்போட்டுப் போறன். முடிஞ்ச கதை."

அந்த நாள் வந்தது. நான் லீவு போட்டேன். கோர்ட் வராந்தாவில் அரசுத் தரப்பு வக்கீல், கறுப்பு அங்கியும் விக்கும் வைத்த ஒல்லியான பெண்மணி, எங்களிடம் மெதுவாகச் சொன்னார். றஜீவனுக்கு இது முதல் குற்றம், இரண்டு குழந்தைகள், வேலை இருக்கிறது. அநேகமாகத் தண்டனையை நிறுத்திவைத்து இன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படியென்றால் நாளைக்கே பஸ் ஸ்டாப்பில் நிற்பான். எங்களுக்கு இருந்த ஒரே பிடி அந்த உத்தரவுதான்.

உள்ளே போனோம். முன்வரிசையில் கோட்டு சூட்டோடு அம்பலவாணன் உட்கார்ந்திருந்தார். றஜீவனின் தாய்மாமன், அவர்கள் ஊர்ச் சங்கத்துக்குத் தலைவர். கல்யாணமோ கருமாதியோ அவர் சொன்னால் சொன்னதுதான், மறுத்துப் பேசினவர்கள் கிடையாது. அக்காவைப் பார்த்துத் தலையை அசைத்தார். அக்கா பள்ளிக்கூடப் பிள்ளைபோல் எழுந்து நிற்கப் போனார். நான் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

எங்கள் வக்கீல் தடையுத்தரவு கேட்டார். உடனே றஜீவனின் வக்கீல் எழுந்தார். முகத்தில் ஒரு புன்னகை.

"கனம் நீதிபதி அவர்களே, இந்த அம்மையாருக்கு என் கட்சிக்காரர்மேல் பயம் என்கிறார்கள். குற்றச்சாட்டு பதிவாகும் முன்பே என் கட்சிக்காரர் தன் மாமாவுடன் இவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். இவர் கதவைத் திறந்து, உட்கார வைத்து, தேநீர் கொடுத்து உபசரித்திருக்கிறார். படம் இருக்கிறது."

எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. நீதிபதி படத்தைப் பார்த்தார், புருவத்தை உயர்த்தினார். அரசுத் தரப்பு இதுபற்றித் தன் சாட்சியோடு பேசிவரட்டும் என்று சிறிது நேரம் கொடுத்தார்.

வராந்தாவுக்கு வந்ததும் நான் வெடித்துவிட்டேன். "அக்கா! நிஜமாவா? அவனுக்கு டீ போட்டுக் குடுத்தீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். "ஓம். குடுத்தனான். அம்பலவாணண்ணை பழத்தட்டோட வாசலில நிக்கிறார். வந்தவையை எப்பிடிப் பிள்ளை தேத்தண்ணி குடுக்காம விடுறது?"

"திருடனுக்கா?"

"கள்ளன் எண்டாலும் வாசலுக்கு வந்திட்டான்."

தலையில் அடித்துக்கொண்டேன். வேறு எந்த ஊர் மனுஷி செய்வாள் இப்படி ஒரு காரியத்தை! வக்கீலின் முகமும் விழுந்துவிட்டது. கையிலிருந்த படத்தை எங்களிடம் நீட்டினார். அம்பலவாணன் தன் போனில் எடுத்தது. சோபாவில் றஜீவன், கையில் டம்ளர், முன்னால் பழத்தட்டு. சற்றுத் தள்ளி, குசினி வாசலில் அக்கா. பார்த்தவுடன் சொல்லிவிடலாம், விருந்தாளியும் வீட்டுக்காரியும்.

படத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கை அப்படியே நின்றது. மறுபடி பார்த்தேன்.

"அக்கா! காலைப் பாருங்க! உங்க காலை!"

வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்! படத்தில் றஜீவன் வெறுங்காலுறையோடு இருந்தான். அக்காவின் காலில் ஷூ. தடித்த கறுப்பு ஷூ, வேலைக்குப் போடுகிறது. வீட்டுக்குள்ளே, சாமியறைக்கு நாலடி தள்ளி! தோளில் கைப்பை வேறு.

"இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார் வக்கீல்.

நான் அவர் முன்னாலேயே ஒற்றைக் காலில் நின்று என் ஷூவைக் கழற்றிக் காட்டினேன். இவர் வீட்டுக்குள் யாரும் இப்படி நுழைய முடியாது, பாய்லர்காரன்கூட முடியாது, இவர் தன் வாழ்நாளில் அந்தக் கம்பளத்தை ஷூவால் மிதித்ததில்லை என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அக்காவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஏன் போட்டிருந்தீர்கள்? அக்கா பதில் சொன்னார். நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். வக்கீல் சட்டென்று எழுந்து, "இதை அப்படியே உள்ளே சொல்ல முடியுமா?" என்றார்.

அக்கா கூண்டில் ஏறினார். பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். அக்காவின் கண் ஒரு தடவை அம்பலவாணன் பக்கம் போயிற்று, அவர் முறைத்தார். அக்கா முகத்தைத் திருப்பி நீதிபதியைப் பார்த்தார்.

எங்கள் வக்கீல் படத்தைக் காட்டி, அன்று என்ன நடந்தது என்று கேட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை. நான் வீட்டில நிண்டனான். மணி அடிச்சது. கமராவில பாத்தா இவரும் மாமனும். முதல் வேலையா சப்பாத்தைப் போட்டனான். பையை எடுத்தனான். பேந்துதான் கதவைத் திறந்தனான்."

"வெளியே கிளம்பிக்கொண்டிருந்தீர்களா?"

"இல்லை அம்மா. ஓடவேண்டி வந்தா ஓடுறதுக்கு."

கோர்ட்டில் யாரோ பேனாவைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

றஜீவனின் வக்கீல் விடவில்லை. "அவ்வளவு பயம் என்றால் ஏன் தேநீர் போட்டீர்கள்?"

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு அந்தக் குரல் தெரியும். சுவர் தாண்டிக் கேட்கிற அந்தப் பழைய குரல், இத்தனை மாதம் கழித்து! மைக் தேவைப்படவில்லை.

"வாசலுக்கு வந்தவைக்குக் குடுக்கிறது எங்கட வழக்கம். அது ஒண்டு. மற்றது, தேத்தண்ணி போடுறன் எண்டு சொன்னா நான் குசினிக்குள்ள நிக்கலாம். பின் கதவு குசினியிலதான் கிடக்கு. அவை தேத்தண்ணி குடிச்சு முடியுமட்டும் நான் அந்தக் கதவைத் திறந்து வச்சுக்கொண்டு நிண்டனான்."

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்கும்வரை அக்கா பொறுக்கவில்லை. நேரே றஜீவனைப் பார்த்தார்.

"களவெடுக்க வந்த நீர் என்ர வீட்டுக்கு மரியாதை குடுத்துச் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வந்தனீர். நான் என்ர சொந்த வீட்டுக்குள்ள, சாமிக்கு முன்னால, சப்பாத்தோட நிண்டனான். அந்த அளவுக்கு என்னைப் பயப்படுத்தி வச்சிருக்கிறீர்!"

நேரடியாக அவரிடம் பேசக்கூடாது என்று சொல்ல வாயெடுத்த நீதிபதி, மொழிபெயர்ப்பைக் கேட்டதும் அதை விட்டுவிட்டார். படத்தை மறுபடி கையில் எடுத்து, இந்தத் தடவை கீழ்ப்பகுதியைப் பார்த்தார். றஜீவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, கைதட்டவும் தோன்றியது. இரண்டையும் அடக்கிக்கொண்டேன்.

தண்டனை அந்த வக்கீல் அம்மா சொன்னபடியேதான். சிறைத்தண்டனை, ஆனால் நிறுத்திவைப்பு. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார். நீதிபதி அடுத்த தாளை எடுத்தார்.

தடையுத்தரவு கொடுத்தார்! ஐந்து வருடம்! றஜீவன் இந்தத் தெருவுக்குள் காலடி வைக்கக்கூடாது, எதிரே உள்ள அந்த பஸ் ஸ்டாப் உட்பட. இந்த அம்மையாரோடு நேராகவோ வேறு யார் மூலமாகவோ தொடர்பு கொள்ளக்கூடாது. "வேறு யார் மூலமாகவும்" என்பதை இரண்டாவது தடவை சொன்னபோது நீதிபதியின் பார்வை முன்வரிசைக் கோட்டு சூட்டின்மேல் நின்றது. ஆள் அனுப்பிச் சேதி சொன்னாலும் மீறியவன் நீதான், சிறைக்குப் போகிறவனும் நீதான் என்று றஜீவனிடம் விளக்கி, புரிந்ததா என்று கேட்டார். புரிந்தது என்றான்.

மொழிபெயர்ப்பாளரிடம் அக்கா அந்தப் பகுதியை மட்டும் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

வெளியே வந்தோம். நல்ல வெயில். கோர்ட் படிக்கட்டில் நான் குதிக்காத குறை. அக்கா முன்னால் நடந்தார். கீழ்ப்படியில் அம்பலவாணன் காத்துக்கொண்டிருந்தார். கையை விரித்து, வழியை மறித்தபடி.

"தங்கச்சி, நடந்தது நடந்துபோச்சு. நாங்கள் ஒரு ஊர்ச் சனம். றஜீவன் உமக்கு ஒரு சொல்லுச் சொல்லிவிடச் சொன்னவன்..."

நான் பாய்ந்து முன்னால் போகப் பார்த்தேன். அக்கா என்னைக் கையால் தடுத்தார். அவரே ஒரு படி இறங்கினார்.

"ஓம், சொல்லுங்கோ அண்ணை. அவன் சொல்லிவிட்டதை நீங்கள் சொன்னா, அவன் சொன்ன கணக்குத்தானாம். நீதவான் இப்பத்தான் சொன்னவர், நீங்களும் கேட்டனீங்கள். பொலிஸ் பிள்ளை உள்ள நிக்கிறா, கூப்பிடுறன். உங்கட வாயாலயே உங்கட மருமகனை மறியல் வீட்டுக்கு அனுப்பலாம். என்ன சொன்னவன்? சொல்லுங்கோ."

ஊரே எழுந்து நிற்கிற அந்த மனுஷன் இரண்டடி பின்னால் நகர்ந்து, படிக்கட்டின் ஓரமாக ஒதுங்கி நின்றார்.

அக்கா அவரைத் தாண்டி இறங்கினார். நாலைந்து அடி போனதும் கால் தடுமாறிற்று, என் தோளைப் பிடித்துக்கொண்டார். உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறாரோ என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஏஜென்டுக்குப் போன் அடியும் பிள்ளை, வீடு விக்கேல்லை எண்டு சொல்லும்," என்றார். "வாரும், வீட்ட போவம்."